உணவுக்குழாய் அடைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விழுங்குவதில் சிரமம் உள்ள ஒருவர் வைத்தியரைப் பார்க்கப் போவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே அவருடைய சாப்பாட்டுத் தட்டு மாறிவிடுகிறது. இடியப்பத்துக்குச் சொதி கூடுதலாகத் தேவைப்படுகிறது. பாண் தேநீரில் தோய்க்கப்படுகிறது. இறைச்சித் துண்டு தட்டின் ஓரத்தில் ஒதுங்குகிறது. மற்றவர்கள் எழுந்து கைகழுவிய பிறகும் அவர் மட்டும் மேசையில் இருக்கிறார். வீட்டில் சமைப்பவர் இதைக் கவனித்தாலும், வயது போய்விட்டது, பல் இல்லை, பசி குறைந்துவிட்டது என்று ஏதோ ஒரு காரணம் உடனே கிடைத்துவிடுகிறது. கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்த நோயைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன. இவை பொதுவான விளக்கங்களே; நோயாளியை நேரில் பரிசோதிக்கும் வைத்தியரின் முடிவுக்கு இவை மாற்றாக மாட்டா.

உணவுக்குழாய் எங்கே இருக்கிறது? அடைப்பு எந்த இடத்தில் ஏற்படும்?

பாடசாலை விஞ்ஞானத்தில் களம் என்ற பெயரில் நாம் படித்த உறுப்புத்தான் உணவுக்குழாய். அது தொண்டையின் அடியில் தொடங்கி, மூச்சுக்குழாய்க்குப் பின்னாலும் முதுகெலும்புக்கு முன்னாலும் நெஞ்சு வழியாக இறங்கி, நெஞ்சறையையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டைக் கடந்து இரைப்பையில் போய்ச் சேர்கிறது. வளர்ந்த ஒருவருக்கு அதன் நீளம் ஏறத்தாழ 25 செ.மீ. உணவு அதன் வழியே தன் பாரத்தால் விழுவதில்லை. சுவரில் உள்ள தசைகள் மேலிருந்து கீழாக ஒழுங்காகச் சுருங்கி அதைத் தள்ளிக்கொண்டு போகின்றன. அடியில் உள்ள வளையத் தசை அந்த நேரத்துக்குத் திறந்து, பிறகு மூடிக்கொள்கிறது. ஆகவே அடைப்பு என்று சொல்லும்போது இரண்டு விதமான கோளாறுகளைச் சொல்கிறோம். ஒன்று, குழாய் உண்மையாகவே ஒடுங்கியிருப்பது அல்லது அதற்குள் ஏதாவது சிக்கியிருப்பது. மற்றையது, குழாய் திறந்திருந்தும் தள்ளும் தசை அல்லது திறக்கும் தசை வேலை செய்யாமல் விடுவது.

இயல்பாகவே ஒடுக்கமான இடங்கள் மூன்று உள்ளன: தொண்டையும் உணவுக்குழாயும் சேரும் மேல்வாய், நெஞ்சின் நடுவில் பெருநாடியும் இடது மூச்சுக்கிளையும் குறுக்கிடும் இடம், பிரிமென்றகட்டைக் கடக்கும் இடம். குழந்தை விழுங்கிய நாணயம் பெரும்பாலும் முதலாவது இடத்திலேயே நின்றுவிடும். பெரியவர்களுக்குச் சிக்கும் இறைச்சித் துண்டு வழக்கமாகக் கீழ்ப்பகுதியில் நிற்கும். ஆனால் நோயாளி விரலால் காட்டும் இடத்தை அப்படியே நம்பிவிட முடியாது. கீழே உள்ள அடைப்பைக் கூடப் பலர் கழுத்தில் இருப்பதாகவே உணர்கிறார்கள்.

உணவு புரையேறி மூச்சடைப்பதும் இதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மூச்சுக்குழாய் முழுமையாக அடைபட்டவரால் பேசவோ இருமவோ முடியாது. கைகள் கழுத்தைப் பிடிக்கும். சில நிமிடங்களில் உதடு நீலமாகும். அந்த நேரத்தில் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். அதற்கும் வெளிவராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே வயிற்றை உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. முதுகில் தட்டலாம், நெஞ்சை அழுத்தலாம். இதைச் செய்துகொண்டிருக்கும்போதே வேறொருவர் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

உணவுக்குழாய் அடைபட்டவரோ பேசுவார், மூச்சு விடுவார். ஆனால் நெஞ்சில் பாரமாக நிற்கிறது என்பார். குடித்த தண்ணீர் திரும்பி வரும். சற்று நேரத்தில் உமிழ்நீரையும் விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டே இருப்பார். இவருக்கு முதுகில் தட்டுவதாலும் வயிற்றை அழுத்துவதாலும் பயன் இல்லை.

சாப்பிடும்போது உணவு திடீரென நெஞ்சில் நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

உடனே சாப்பாட்டை நிறுத்தி நிமிர்ந்து உட்கார வேண்டும். பதற்றம் குறைந்தாலே சில வேளைகளில் துண்டு தானாக இறங்கிவிடும். உமிழ்நீரை விழுங்க முடிகிறதா என்பதுதான் அளவுகோல். முடிந்தால் ஓரிரு மிடறு தண்ணீர் குடித்துப் பார்க்கலாம்; முடியாவிட்டால் வாயில் எதையும் வைக்காமல் வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும். எண்டோஸ்கோபிக்கான (வாய் வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் முறைக்கான) ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி, உமிழ்நீரும் இறங்காத முழு அடைப்பை முடியுமானால் 2 மணித்தியாலத்துக்குள், பிந்தினால் 6 மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட வேண்டும். பகுதி அடைப்பாயின் 24 மணித்தியாலம் வரை அவகாசம் உண்டு. துண்டு அழுத்திக்கொண்டே இருந்தால் சுவர் புண்ணாகும், சில சமயம் கிழியும். அதைவிட, தேங்கிய உமிழ்நீர் நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. ஆகவே “காலையில் பார்ப்போம்” என்று படுக்க வைப்பது சரியல்ல.

வைத்தியசாலைக்குப் போகும்போது என்ன சாப்பிட்டார், எலும்பு இருந்ததா, எத்தனை மணிக்கு நடந்தது, இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுக்கிறாரா என்ற நான்கையும் சொல்லத் தெரிந்த ஒருவர் கூடப் போவது நல்லது. காரில் துப்புவதற்கு ஒரு பாத்திரமும் துவாயும் வைத்துக்கொள்ளுங்கள். அற்பமான விடயம்தான், ஆனால் அதற்காகவே கூச்சப்பட்டு வீட்டில் இருந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

சோற்று உருண்டை, வாழைப்பழம், கோலா போன்ற வீட்டு வைத்தியங்கள் உதவுமா?

மீன் முள் குத்தினால் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். சிறிய முள் என்றால் அது இறங்கியும் விடலாம். அதனால்தான் வழக்கம் நிலைத்திருக்கிறது. ஆனால் முள் ஆழமாகக் குத்தியிருந்தால் உருண்டை அதை இன்னும் உள்ளே தள்ளும். சூடை மீனின் மெல்லிய முள்ளுக்கும் பாரை மீனின் தடித்த எலும்புக்கும் வித்தியாசம் உண்டு. பின்னையது உணவுக்குழாயைத் துளைத்துக்கொண்டு நெஞ்சறைக்குள் சீழ் கட்டச் செய்யக்கூடியது. குத்தும் நோ ஒரே இடத்தில் நின்றால், விழுங்கும் ஒவ்வொரு முறையும் வந்தால், அல்லது காய்ச்சலோ கழுத்து வீக்கமோ தோன்றினால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் தாமதிக்காமல் காட்ட வேண்டும். எக்ஸ்ரேயில் எல்லா முள்ளும் தெரிவதில்லை என்பதால், படம் நன்றாக இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது.

இறைச்சித் துண்டு சிக்கியிருக்கும்போது மேலே சோற்றையோ பழத்தையோ போடுவது அடைப்பை நீட்டுவதற்குச் சமம். எண்டோஸ்கோபி செய்பவர் முதலில் அந்தக் குவியலை அகற்றிய பிறகே துண்டைத் தேட வேண்டியிருக்கும். கோலாவின் வாயு துண்டைத் தள்ளிவிடும் என்ற நம்பிக்கை உலகெங்கும் உண்டு. நெதர்லாந்தின் ஐந்து வைத்தியசாலைகளில் 51 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்து, 2023 ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள்: கோலா குடித்தவர்களில் 61 சதவீதத்தினருக்கு முன்னேற்றம் கண்டது, குடிக்காமல் காத்திருந்தவர்களிலும் அதே 61 சதவீதம். பப்பாளிப் பாலும், அதிலிருந்து எடுக்கும் இறைச்சி மென்மையாக்கும் தூளும் இறைச்சியைக் கரைக்கும் என்பது உண்மை. உணவுக்குழாயின் சுவரும் தசைதான் என்பதால் அதையும் அரிக்கும். அதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

திடீரென வராமல், கொஞ்சம் கொஞ்சமாக வரும் சிரமம் எதைக் காட்டுகிறது?

இங்கேதான் வீட்டாரின் கவனிப்பு எந்தப் பரிசோதனைக்கும் குறையாத பெறுமதி பெறுகிறது. முதலில் கட்டியான உணவு மட்டும் நிற்கிறது, பிறகு குழைந்த சோறும் நிற்கிறது, கடைசியில் கஞ்சியும் தண்ணீரும் சிரமமாகின்றன என்றால் குழாய் படிப்படியாக ஒடுங்கி வருகிறது என்று பொருள். வடுவாக இருக்கலாம், கட்டியாக இருக்கலாம். இந்தப் படிகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ கடக்கப்பட்டு, உடல் எடையும் இறங்கினால் புற்றுநோயை முதலில் விலக்க வேண்டும். பல வருடங்களாக நெஞ்செரிவு இருந்து, பிறகு ஆறுதலாக வந்த சிரமம் அமிலத்தால் ஏற்பட்ட வடுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தொடக்கத்திலிருந்தே சோறும் தண்ணீரும் ஒரே மாதிரி நிற்கின்றன என்றால் தசைக் கோளாறு என்று எண்ணலாம். அவற்றுள் முக்கியமானது, அடியில் உள்ள வளையத் தசை திறக்காமல் இறுகியிருக்கும் அகலேசியா. எப்போதாவது ஒரு முறை, அதுவும் அவசரமாக இறைச்சியோ பாணோ சாப்பிடும்போது மட்டும் நின்று, இடைப்பட்ட காலத்தில் எந்தத் தொல்லையும் இல்லை என்றால் கீழ்ப்பகுதியில் மெல்லிய வளையம் ஒன்று இருக்கலாம். சாதாரண உணவுக்குழாய் 20 மி.மீ. வரையாவது விரியும், துவாரம் 13 மி.மீ.க்குக் குறையும்போது கட்டியான உணவு நிற்கத் தொடங்குகிறது. விழுங்கத் தொடங்கும்போதே இருமல், மூக்கு வழியாகத் தண்ணீர் வருதல், குரல் மாறுதல் என்பன இருந்தால் கோளாறு உணவுக்குழாயில் இல்லை, தொண்டையில். பக்கவாதத்துக்குப் பிறகு இது வரும், இதற்கு வேறு வைத்தியம்.

வைத்தியரைப் பார்க்கும் முன் ஒரு வாரத்துக்குத் தட்டைக் கவனித்து எழுதி வையுங்கள். எது இறங்கியது, எது நின்றது, எதைத் தண்ணீர் குடித்துத் தள்ள வேண்டியிருந்தது, ஒரு நேரச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்பவை போதும். “விழுங்குவது பரவாயில்லை” என்று நோயாளி சொல்வார். பிட்டும் பாணும் சாப்பிட்டு எவ்வளவு காலம் என்று கேட்டால்தான் உண்மை வரும்.

ஒடுக்கத்துக்கு வேறு என்னென்ன காரணங்கள் உள்ளன?

இளவயதினரிடம் உணவு திடீரென சிக்குவதற்கு இயோசினோபிலிக் அழற்சி என்ற ஒவ்வாமை சார்ந்த நோய் முக்கியமான காரணம். ஆஸ்துமா, தோல் அரிப்பு, மூக்கடைப்பு உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கண்ணுக்கு உணவுக்குழாய் ஏறத்தாழச் சாதாரணமாகவே தெரியலாம் என்பதால், சிறு இழைமங்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே இதை உறுதிசெய்கிறார்கள். நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் புலத்தில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட இயோசினோபில் கலங்கள் (ஒரு வகை வெண்குருதிக் கலங்கள்) இருக்க வேண்டும்.

நெடுங்கால இரும்புச்சத்துக் குறைபாடு உள்ள பெண்களுக்கு மேற்பகுதியில் சவ்வு போன்ற ஒரு தடை உருவாகலாம். இரத்தசோகை, வெடித்த வாயோரம், வழவழப்பான நாக்கு, விழுங்கச் சிரமம் என்பன சேர்ந்து இருந்தால் இதை நினைக்க வேண்டும். இரும்புச்சத்துக் கொடுத்து, தேவைப்பட்டால் சவ்வை விரித்துவிட்டால் குணமாகும். ஆனால் அந்த இடத்தில் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு இருப்பதால் கண்காணிப்பு தேவை. வீங்கிய தைரொயிட் சுரப்பி, நெஞ்சறையில் பெருத்த நிணநீர்க் கணுக்கள், விரிந்த பெருநாடி என்பவை வெளியிலிருந்து நெருக்குவதும் உண்டு.

வெற்றிலை போடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வெற்றிலை என்றதும் வாய்ப் புற்றுநோய் மட்டுமே பேசப்படுகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புகையிலை சேர்த்த வெற்றிலைக் கூட்டு, சேர்க்காத வெற்றிலைக் கூட்டு, பாக்கு ஆகிய மூன்றையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன என்ற முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. இரு வகைக் கூட்டும் உணவுக்குழாயையும் பாதிக்கின்றன. புகையிலை போடாமல் வெறும் பாக்கும் வெற்றிலையும்தானே என்ற சமாதானம் ஆகவே நிற்காது. புகைத்தலும் மதுவும் சேரும்போது ஆபத்து ஒன்றோடொன்று கூட்டலாக அன்றிப் பெருக்கலாக ஏறுகிறது. 65 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பதையும் 2016 ஆம் ஆண்டு அதே நிறுவனம் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. கேத்திலில் இருந்து நேரே கோப்பைக்கு வரும் பிளேன்டீயைச் சற்று ஆறவிட்டுக் குடிப்பதில் யாருக்கும் நட்டம் இல்லை.

இலங்கையில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களுள் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் ஒன்று. ஆண், பெண் இருபாலாரிலும் வருகிறது. பாட்டிமார் வெற்றிலை போடுவதை யாரும் கெட்ட பழக்கமாக எண்ணுவதில்லை. அவர்கள் விழுங்கச் சிரமப்படுவதையும் யாரும் நோயாக எண்ணுவதில்லை. இரண்டும் ஒரே வீட்டில் சேரும்போதுதான் நோய் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுகிறது. உணவுக்குழாய் நன்றாக விரியக்கூடியதாக இருப்பதால், கட்டி துவாரத்தின் பெரும்பகுதியை அடைத்த பிறகே சோறு நிற்கத் தொடங்குகிறது. ஆகவே முதல் தடவை சோறு நின்ற நாள் நோயின் தொடக்கம் அல்ல. 50 வயதைக் கடந்த ஒருவருக்குப் புதிதாக விழுங்கச் சிரமம் வந்தால், இரண்டு வாரம் அமிலத்தைக் குறைக்கும் குளிசை குடித்துப் பார்ப்போம் என்று காத்திராமல் எண்டோஸ்கோபிக்கு நாள் எடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

எண்டோஸ்கோபி நோகுமா? அப்போது என்ன நடக்கும்?

மக்கள் கமரா விடுதல் என்று சொல்வது இதைத்தான். பலர் இதற்குப் பயந்தே மாதங்களைக் கடத்துகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சாதாரணமாக ஆறு முதல் எட்டு மணித்தியாலங்கள் உணவின்றி வர வேண்டும். அகலேசியா சந்தேகம் என்றால் குழாயில் பழைய உணவு தேங்கியிருக்கும் என்பதால் இன்னும் நீண்ட நேரம் நீராகாரத்தில் இருக்கச் சொல்வார்கள். பொய்ப் பல் இருந்தால் கழற்ற வேண்டும். தொண்டையில் கசப்பான மரப்பு மருந்து தெளிக்கப்படும். சில வினாடிகளில் நாக்கின் அடி தடித்தது போல் இருக்கும், உமிழ்நீர் விழுங்கியதா இல்லையா என்றே தெரியாது. தேவைப்பட்டால் மயக்க ஊசியும் உண்டு. இடப்பக்கமாகச் சரிந்து படுக்கச் செய்து, பற்களுக்கு இடையே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். சுண்டுவிரல் அளவு தடிப்புள்ள, ஏறத்தாழ 10 மி.மீ. விட்டமுள்ள வளையும் குழாய் அதன் வழியே செல்லும். தொண்டையைக் கடக்கும் அந்த ஓரிரு வினாடிகளில் ஓங்காளிப்பு வரும். அதன்பின் மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும். மூச்சுப் பாதை வேறு என்பதால் மூச்சு முட்டாது. பரிசோதனை பெரும்பாலும் கால் மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். சந்தேகமான இடத்தில் சிறு துணுக்குகள் எடுக்கப்படும், அது நோகாது.

இறைச்சி சிக்கியிருந்தால் அதே குழாயின் வழியாகச் சிறு வலையையோ கவ்வியையோ செலுத்தித் துண்டு துண்டாக எடுப்பார்கள், அல்லது மெதுவாக இரைப்பைக்குள் தள்ளிவிடுவார்கள். மயக்க ஊசி போட்டிருந்தால் அன்று வாகனம் ஓட்டக் கூடாது. கூட்டிப் போக ஒருவர் வேண்டும். தொண்டை மரப்பு நீங்கும் வரை எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது.

பேரியம் படம் எதற்கு எடுக்கப்படுகிறது?

வெண்ணிறப் பேரியக் கரைசலைக் குடிக்கச் செய்து எக்ஸ்ரேயில் அது இறங்குவதைப் பார்ப்பதால், ஒடுக்கத்தின் நீளமும் தசை வேலை செய்யும் விதமும் தெரியும். அகலேசியாவில் மேலே விரிந்த குழாய் கீழே பறவையின் அலகு போலக் கூர்மையாக முடியும். முழு அடைப்பு உள்ளவருக்கு இதைக் கொடுப்பதில்லை. பேரியம் நுரையீரலுக்குள் போகும், பின்னர் எண்டோஸ்கோபியில் எதுவும் தெரியாமலும் செய்துவிடும். தசை அழுத்தத்தை அளக்கும் மனோமெற்றி என்ற பரிசோதனை அகலேசியாவை உறுதிசெய்கிறது.

சிகிச்சை என்ன? எல்லாருக்கும் சத்திரசிகிச்சை தேவையா?

தேவையில்லை. அமில வடுவாக இருந்தால் ஒமெப்பிரசோல் போன்ற குளிசையோடு ஒடுக்கத்தை விரித்துவிடுதல் போதுமானது. காற்றுப்பை அல்லது கூம்பு முனைக் குழாய் கொண்டு, ஒரு தடவையில் சில மில்லிமீற்றர் மட்டும், வாரங்கள் இடைவெளி விட்டு விரிப்பார்கள். ஒரே நாளில் முழுவதும் விரிக்கச் சொல்லி வற்புறுத்துவது சரியல்ல. அவசரப்பட்டால் குழாய் கிழியும். விரித்த அன்று கடுமையான நெஞ்சு நோ, மூச்சு வாங்கல், கழுத்தின் தோலுக்கடியில் நறநறவென்ற வீக்கம் என்பவை தோன்றினால் உடனே திரும்பி வர வேண்டும்.

அகலேசியாவுக்கு இறுகிய தசையைப் பெரிய காற்றுப்பையால் விரிக்கலாம், அல்லது வெட்டிவிடலாம். 1913 ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஏர்ன்ஸ்ட் ஹெல்லர் செய்த தசை வெட்டுச் சத்திரசிகிச்சை இன்று வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்யப்படுகிறது. 2008 ஆம் ஆண்டு ஜப்பானில் ஹருஹிரோ இனோவே வாய் வழியாகவே, வெளிக்காயம் இன்றித் தசையை வெட்டும் முறையை நோயாளி ஒருவருக்கு முதன்முறையாகச் செய்தார். இயோசினோபிலிக் அழற்சிக்கு அமிலத்தைக் குறைக்கும் குளிசை, விழுங்கும் ஸ்டீரொயிட் மருந்து, குறித்த உணவுகளை விலக்குதல் ஆகியவை முக்கியமான வழிகள்.

புற்றுநோயாயின் சிகிச்சை நிலையைப் பொறுத்தது. அகற்றக்கூடிய நிலையில் இருந்தால் மருந்தும் கதிரும் கொடுத்துப் பின் சத்திரசிகிச்சை செய்யலாம். சிலருக்கு மருந்தும் கதிரும் மட்டுமே போதும். பரவிவிட்ட நிலையில் நோயை மாற்ற முடியாவிட்டாலும் விழுங்க வைக்க முடியும்: தானாக விரியும் உலோக வலைக்குழாயை அடைப்புக்குள் வைத்தால் ஓரிரு நாளிலேயே குழைவான உணவு இறங்கத் தொடங்கும். இனி ஒன்றும் செய்ய முடியாது என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடும் குடும்பங்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். பட்டினியால் இறப்பதும் நோயால் இறப்பதும் ஒன்றல்ல.

குழந்தை நாணயத்தையோ பற்றரியையோ விழுங்கிவிட்டால்?

நாணயம் என்றால், குழந்தை நன்றாக இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உணவுக்குழாயில் நின்றுவிட்ட நாணயம் சில வேளைகளில் தானாக இறங்கும். 24 மணித்தியாலத்துக்கு மேல் விடக்கூடாது.

பொத்தான் பற்றரி முற்றிலும் வேறு. கைக்கடிகாரம், விளையாட்டுப் பொருள், கார்க் கதவுத் திறப்பு, இசை பாடும் பிறந்தநாள் அட்டை என்று அது வீடு நிறைய இருக்கிறது. ஈரமான உணவுக்குழாய்ச் சுவரில் அது ஒட்டியதும் மின்சாரம் பாய்ந்து, எதிர்மின்முனையில் காரம் உண்டாகி, 2 மணித்தியாலத்துக்குள்ளேயே சுவர் கடுமையாக வெந்துபோகும். பற்றரி பழையது, வேலை செய்யாது என்பது பாதுகாப்பல்ல. எக்ஸ்ரேயில் நாணயம் ஒரே வட்டமாகத் தெரியும். பற்றரியில் ஓரத்தோடு இன்னொரு வட்டம் தெரியும். குழந்தை ஒரு வயதைக் கடந்து, விழுங்கக்கூடியதாக இருந்து, 12 மணித்தியாலம் கடக்காமலும் இருந்தால், வைத்தியசாலைக்குப் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி தேன் வீதம் ஆறு முறை வரை கொடுக்கலாம் என்று அமெரிக்க நச்சுக் கட்டுப்பாட்டு நிலைய வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் ஆகாது. தேன் வாங்குவதற்காகக் கடையில் நிற்கக் கூடாது. கொழும்பில் இருப்பவர்கள் பொரளையில் உள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு நேரே போகலாம்.

குளியலறை கழுவும் அமிலத்தையோ இறப்பர்ப் பாலை உறையவைக்கும் அமிலத்தையோ குடித்துவிட்ட குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இறங்கும்போது எரித்த திரவம் ஏறும்போதும் எரிக்கும். தேசிக்காய்ச் சாறு கொடுத்துச் சரிக்கட்ட முயல்வதும் தவறு. வாயைக் கழுவி, போத்தலையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையம் இயங்குகிறது. காயம் ஆறிய சில வாரங்களில் வடு சுருங்கி ஒடுக்கம் ஏற்படுவதால், குழந்தை தேறிவிட்டது என்று கிளினிக்கை விட்டுவிடக் கூடாது. இவற்றைத் தண்ணீர்ப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றி வைப்பதுதான் பெரும்பாலான விபத்துகளின் தொடக்கம்.

குளிசைகள் உணவுக்குழாயைப் புண்ணாக்குமா?

சில குளிசைகள் புண்ணாக்கும். எலிக்காய்ச்சலைத் தடுக்க வயலில் இறங்குவோருக்குக் கொடுக்கப்படும் டொக்சிசைக்கிளின், எலும்புத் தேய்வுக்கான அலென்ட்ரோனேற், பொற்றாசியம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால் குளிசை வழியில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைகிறது. மறுநாள் நெஞ்சில் குத்துவது மாரடைப்பு என்ற பயத்தில் பலர் வைத்தியசாலைக்கு ஓடுகிறார்கள். அப்படி ஓடுவதும் சரிதான், ஏனெனில் எது எது என்று வீட்டில் பிரித்தறிய முடியாது. ஒரு கோப்பைத் தண்ணீர், அதன் பின் குறைந்தது அரை மணித்தியாலம் நிமிர்ந்திருத்தல் என்பவை போதும்.

தொண்டையில் எப்போதும் ஏதோ உருண்டை நிற்பது போல இருக்கிறது, ஆனால் சாப்பாடு இறங்குகிறது. இதுவும் அடைப்பா?

பெரும்பாலும் இல்லை. சாப்பிடும்போது குறைந்து, சும்மா இருக்கும்போது கூடும் உருண்டை உணர்வு உண்மையான தடையால் வருவதில்லை. நோ, எடைக்குறைவு, குரல் மாற்றம் என்பன சேர்ந்தால் காட்டுங்கள்.

பரிசோதனைக்கு நாள் கிடைக்கும் வரை எதைச் சாப்பிடக் கொடுப்பது?

இறங்குவதைக் கொடுங்கள், ஆனால் சத்துள்ளதாகக் கொடுங்கள். நம் வீடுகளில் செய்யும் தவறு, விழுங்க முடியாதவருக்கு வெறும் கஞ்சித் தண்ணீரும் ரசமும் கொடுப்பது. வயிறு நிறையும், உடல் வற்றும். கஞ்சியில் பாலும் தேங்காய்ப்பாலும் சேர்க்கலாம். பருப்பை நன்றாகக் குழைய வேகவைத்து மசிக்கலாம். முட்டையை அடித்து, பால் விட்டு, வட்டிலப்பம் போல அவித்துக் கொடுக்கலாம், நீரிழிவு இருந்தால் சர்க்கரை போடாமல். மீனை முள் நீக்கி அரைத்துச் சொதியில் சேர்க்கலாம். நாளுக்கு மூன்று பெரிய சாப்பாட்டை விட ஆறு சிறிய சாப்பாடு இலகுவாக இறங்கும். நாரான இறைச்சி, புதிய பாண், ரொட்டி, தோலோடு கூடிய பழம் என்பவற்றைத் தவிர்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். தண்ணீரும் இறங்காமல் போனால் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

கொழும்பில் எங்கே காட்டுவது? செலவு அதிகமா?

கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும், களுபோவிலையில் உள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையிலும், ராகமையில் உள்ள கொழும்பு வடக்குப் போதனா வைத்தியசாலையிலும் எண்டோஸ்கோபி வசதி உண்டு. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். புற்றுநோய் உறுதியானால் மகரகமையில் உள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். தனியார் வைத்தியசாலையில் சனல் செய்து விரைவாக முடித்துக்கொண்டு, தொடர் சிகிச்சைக்கு அரச கிளினிக்குக்குப் போவதும் பலர் கைக்கொள்ளும் வழி. அப்போது எண்டோஸ்கோபி அறிக்கையையும் இழைமப் பரிசோதனை அறிக்கையையும் கட்டாயம் கையோடு கொண்டுபோக வேண்டும். விழுங்கச் சிரமம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வயிறு சரியில்லை, பசியில்லை என்று தொடங்கினால் கஸ்ரைற்றிஸ் மருந்தோடு வீட்டுக்கு அனுப்பப்படும் சாத்தியம் அதிகம்.

சிக்கிய உணவு தானாக இறங்கிவிட்டது. இனி வைத்தியரிடம் போக வேண்டுமா?

போக வேண்டும். சாதாரணமான உணவுக்குழாயில் சாதாரண அளவு உணவு நிற்பதில்லை. நின்றது என்றால் பெரும்பாலும் அடியில் ஒரு காரணம் இருக்கிறது. அன்று எண்டோஸ்கோபி மூலம் எடுத்திருந்தாலும், சுவர் வீங்கியிருந்ததால் இழைமம் எடுக்கப்படாமல் விடப்பட்டிருக்கலாம். ஆகவே வீட்டுக்கு வரும்போது இழைமம் எடுக்கப்பட்டதா, எடுக்கப்பட்டிருந்தால் அறிக்கை எப்போது எங்கே கிடைக்கும், எடுக்கப்படாவிட்டால் மறு எண்டோஸ்கோபி எப்போது என்ற மூன்றையும் கேட்டு, நோய் நிர்ணய அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.